மகளுக்குத் தையல் மிஷின், மகனுக்கு விசா

 

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததும் எங்கள் அலுவலகத்தில் கூட்டம் கூடும். வருகிற மனுக்களைப் பிரித்து அடுக்குவது எங்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம். பெயரைப் பார்த்தாலே எந்த அடுக்கு என்று தெரிந்துவிடும். பெண்பிள்ளையின் மனு என்றால் தையல் மிஷின் அல்லது நிக்காஹ் உதவி. ஆண்பிள்ளையின் மனு என்றால் டிரைவிங் லைசென்ஸ், ஏசி மெக்கானிக் பயிற்சி, இல்லாவிட்டால் வெளிநாடு போக விசா செலவு. பிள்ளைக்கு என்ன வரும், எதில் ஆசை என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில் ஒரு தாய் வந்தார். கணவர் மவுத்தாகிவிட்டார், இரண்டு பிள்ளைகள். தையல் மிஷினுக்கான படிவத்தை எடுத்து நீட்டினோம். அவர் கையில் வாங்கவில்லை.

“அண்ணே, மிஷின் வேணாம். எங்க தெருவுல வீட்டுக்கு வீடு மிஷின் கெடக்கு. ஜாக்கெட் தைக்கக் குடுக்கத்தான் ஆளு இல்ல. எம் மகளுக்கு ஐடிஐயில எலெக்ட்ரீஷியன் படிக்கணுமாம். அதுக்கு ஏதாச்சும் செய்வீங்களா?” என்று கேட்டார்.

எங்கள் படிவத்தில் பெண்களுக்கான பக்கத்தில் மூன்றே கட்டங்கள் இருந்தன: தையல், நிக்காஹ், மருத்துவம். நான்காவது கட்டம் இல்லை. “கமிட்டி கூடட்டும்மா, பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பினோம். கமிட்டி கூட ஒரு மாதம் ஆனது. கூடிய அன்றும், பெண்பிள்ளைக்குக் கம்பம், மின்சாரம் என்றால் சரிப்படுமா என்று பேசிப் பேசி நேரம் போனது. பணம் கொடுப்பது என்று முடிவாகித் தகவல் சொன்னபோது எலெக்ட்ரீஷியன் பிரிவில் இடம் நிரம்பியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு ஓராண்டு வீணானது. அதற்குக் காரணம் அரசாங்கமும் இல்லை, அவள் வீட்டாரும் இல்லை. நாங்கள்தான்.

அந்தத் தாய்க்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இப்போது எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

வேலை ஒன்றுதான், கூலிதான் வேறு

‘இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை’ என்று நாம் சொல்வது ஆதிகாலம் தொட்டு மாறாத விதி போலத் தோன்றும். நம் தஞ்சை மண்ணையே பார்த்தால் அது எத்தனை முறை மாறியிருக்கிறது என்று தெரியும்.

நெல்லை அரிசியாக்குவது ஒரு காலத்தில் முழுக்கப் பெண்கள் வேலை. உரலும் உலக்கையும் அவர்கள் கையில் இருந்தன. ஊருக்கு ஊர் ரைஸ் மில் வந்தது. உலக்கை பிடித்த பெண் மில்லில் இயந்திரம் ஓட்டுகிறவராக ஆகவில்லை. அந்த வேலைக்கு ஆண் வந்தார். பெண்ணுக்குக் கிடைத்தது களத்தில் புழுங்கல் நெல்லைக் காயவைத்துக் கிளறிவிடும் வேலை. வெயில் அவருக்கு, இயந்திரம் இவருக்கு.

நடவும் அப்படித்தான். ஏர் பிடிப்பதும் வரப்பு வெட்டுவதும் ஆண்கள். சேற்றில் குனிந்து நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெண்கள். நடவுக்கு வேகமும் சீரான கையும் வேண்டும். டெல்டாவின் குறுவையும் சம்பாவும் தாளடியும் அந்தக் கைகளால்தான் விளைந்தன. இன்று பாய் நாற்றங்கால் போட்டு நடவு இயந்திரத்தில் நடுகிறார்கள். ஓட்டுகிறவர் ஆண். அறுவடைக்கு பெல்ட் வண்டி வந்து வயலில் இறங்குகிறது. ஓட்டுகிறவர் ஆண். அறுவடைக் காலத்தில் கூலியாக நெல் வாங்கி வீட்டில் சேர்த்த பெண்களுக்கு அந்த நெல் நின்றுபோனது. இயந்திரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆள் கிடைக்காமல் விவசாயி படும் பாடு நமக்குத் தெரியும். நடவைக் கரைத்துக் குடித்த பெண்ணுக்கு நடவு இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொடுக்கலாம் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்பதே கேள்வி.

நம் வீடுகளுக்குள் வருவோம். மூன்று வேளையும் சமைப்பது பெண். நிக்காஹ் விருந்துக்கு பிரியாணி ஆக்கப் பண்டாரியைக் கூப்பிட்டால் வருவது ஆண். வீட்டில் கிழிந்ததைத் தைப்பது பெண். கடைத்தெருவில் பலகை மாட்டி அளவெடுத்து வெட்டுகிற டெய்லர் பெரும்பாலும் ஆண். வேலை ஒன்றுதான். கூலி இல்லாமல் செய்தால் அது பெண்ணின் கடமை, கூலிக்குச் செய்தால் அது ஆணின் தொழில். இயந்திரமோ நல்ல காசோ சேர்ந்த அன்று அந்த வேலை கைமாறிவிடுகிறது.

கைமாறும் இடம் எது என்று பார்த்தால் அது பயிற்சிதான். யார் கையில் இயந்திரத்தைக் கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறோமோ, யார் கையில் சான்றிதழ் இருக்கிறதோ, அவருக்குத்தான் கூலி உயர்கிறது. ஆகவே பயிற்சிக்குப் பணம் கொடுக்கிற எங்களைப் போன்ற அறக்கட்டளைகளுக்கு இதில் பெரிய பொறுப்பு உண்டு.

தையல் மிஷின் ஏன் போதவில்லை

தையலை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. கணவரை இழந்த எத்தனையோ சகோதரிகள் தையலால் பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறார்கள். அரசும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மிஷின் தருகிறது. வீட்டை விட்டு வெளியே போகாமல் நாலு காசு பார்க்கலாம் என்பதே அதன் பலம்.

அதன் பலவீனமும் அதுவே. 2006இல் வெளிவந்த நீதிபதி ராஜிந்தர் சச்சார் கமிட்டி அறிக்கை நாடு முழுவதற்குமான ஒரு கணக்கைச் சொன்னது. உழைக்கும் முஸ்லிம் பெண்கள் நூறு பேரில் 70 பேர் தம் வீட்டுக்குள்ளேயே வேலை செய்கிறார்கள். எல்லாச் சமுதாயங்களையும் சேர்த்துப் பார்த்தால் அது 51தான். வீட்டுக்குள் இருந்து செய்கிற வேலையில் துணி கொண்டுவருகிறவர் சொன்னதே விலை. பக்கத்துத் தெருவில் என்ன கூலி என்று தெரியாது. உடம்பு முடியாத நாளில் வருமானம் இல்லை. ஒரே தெருவில் பத்து வீட்டில் மிஷின் இருந்தால் பத்துப் பேரும் கூலியைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

நாங்கள் மிஷின் கொடுத்த வீடுகள் சிலவற்றுக்குப் போய்ப் பார்த்தோம். சில வீடுகளில் மிஷின் ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். சில வீடுகளில் அதன் மேல் துணி போர்த்தி, பிள்ளைகளின் புத்தகப் பை வைத்திருக்கிறார்கள். ஓடுகிற வீட்டுக்கும் ஓடாத வீட்டுக்கும் வித்தியாசம் ஒன்றுதான். ஓடுகிற வீட்டுப் பெண் முறையாக அளவெடுத்து வெட்டக் கற்றிருந்தார். ஓடாத வீட்டுப் பெண்ணுக்கு நேராகத் தைக்க மட்டுமே தெரிந்திருந்தது. மிஷினைக் கொடுத்த நாங்கள் தொழிலைக் கொடுக்கவில்லை.

மகன்களுக்கும் இதே கணக்கு

பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்பிள்ளைகளை வேறொரு கயிற்றால் கட்டுகிறோம்.

2024 பிளஸ் டூ தேர்வில் தமிழ்நாட்டில் மாணவிகளில் 96.44 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றனர். மாணவர்களில் 92.37 விழுக்காட்டினர். பல ஆண்டுகளாகவே பெண்பிள்ளைகள்தான் முந்துகிறார்கள். ஆண்பிள்ளைகளுக்கு மூளை குறைவு என்று இதற்குப் பொருள் இல்லை. மீசை முளைக்கும்போதே ‘நீ சம்பாதிக்க வேண்டியவன்’ என்று அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று நம் ஊர்கள் எதை எடுத்தாலும் சிங்கப்பூரும் மலேசியாவும் வளைகுடாவும் கலந்த வரலாறு. சபர் போய் வந்த அத்தாவின் பையனுக்குப் படிப்பு என்பது விசா வரும்வரை பொழுதுபோக்கு.

பத்தாம் வகுப்புத் தேறாமல் போகிறவருக்கு ஈ.சி.ஆர் முத்திரையுள்ள பாஸ்போர்ட் கிடைக்கிறது. வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனியாகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். தொழிற் சான்றிதழ் இல்லாமல் போனால் ஹெல்பர். சான்றிதழோடு போய்த் தொழில் சோதனையில் தேறினால் வெல்டர், எலெக்ட்ரீஷியன். ஒரே கம்பெனி, ஒரே வெயில், சம்பளம் வேறு. ஏஜென்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கும் வீடுகள், அதே பிள்ளையை முதலில் இரண்டு வருடம் ஐடிஐயில் உட்கார வைத்திருந்தால் கடனும் குறைந்திருக்கும், கூலியும் உயர்ந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஆசிரியராக வேண்டும், நர்சிங் படிக்க வேண்டும் என்று ஆசைப்படும் ஆண்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். ‘அதெல்லாம் பொம்பளை வேலைடா’ என்ற ஒரு சொல்லில் அந்த ஆசை முடிந்துவிடுகிறது. படுத்த படுக்கையாக இருக்கும் ஆண் நோயாளியைத் தூக்கித் திருப்பிக் குளிப்பாட்ட ஆண் செவிலியர் இல்லாத வீட்டின் கஷ்டம், அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மார்க்கம் தடுக்கிறதா?

இந்தப் பேச்சை எடுத்தாலே சிலர் மார்க்கத்தை முன்னால் நிறுத்துகிறார்கள். ஆகவே இதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவின் பெரிய வணிகர் என்பதை நாம் ரபீவுல் அவ்வல் பயான்களில் ஆண்டுதோறும் கேட்கிறோம். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டுத் தைத்து, அதில் வந்ததை ஸதகா செய்தவர்கள். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் எழுதத் தெரிந்தவர்கள். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர்கள். ருஃபைதா (ரலி) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்துக் காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் செய்தவர்கள். மத்யன் கிணற்றடியில் மூஸா (அலை) அவர்கள் கண்ட இரண்டு பெண்களும் வயதான தந்தைக்காக ஆடு மேய்க்க வந்தவர்கள்தாம். அவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லி மூஸா (அலை) விரட்டவில்லை. கூட்டத்தை விலக்கித் தண்ணீர் புகட்டிக் கொடுத்தார்கள். நம் வேலையும் அதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது: வழியில் நிற்கும் நெரிசலை விலக்கிக் கொடுப்பது.

அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனம், ஆண் உழைத்ததில் ஆணுக்கும் பெண் உழைத்ததில் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்கிற கருத்தைச் சொல்கிறது. மனைவி சம்பாதித்தாலும் குடும்பச் செலவு கணவரின் பொறுப்பே என்பதும், அவள் சம்பாத்தியம் அவளுக்கே உரியது என்பதும் நம் ஃபிக்ஹில் உள்ளது. பர்தாவையும் கண்ணியத்தையும் பேண வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதைப் பேணக்கூடிய பயிற்சி இடத்தைத் தேடிக் கொடுப்பது பெரியவர்களின் கடமை. தேடாமலே கதவைச் சாத்துவது கடமை ஆகாது.

ஒரு கேள்வியை எல்லா அத்தாமார்களும் தமக்குள் கேட்டுப் பார்க்கட்டும். மனைவியை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போகும்போது “லேடி இருக்காங்களா?” என்று முதலில் கேட்கிறோம். ஈ.சி.ஜி. எடுக்க, பிரசவம் பார்க்க, ஊசி போடப் பெண்தான் வேண்டும் என்கிறோம். நியாயமான விருப்பம்தான். அந்தப் பெண் யார் வீட்டுப் பிள்ளை? அவளை யாரோ ஓர் அத்தா பஸ் ஏற்றிப் படிக்க அனுப்பியதால்தானே அவள் அங்கே நிற்கிறாள்? அடுத்த வீட்டுப் பிள்ளை படித்து நமக்கு உதவட்டும், நம் பிள்ளை மட்டும் வாசல் தாண்டக் கூடாது என்பது எந்த வகை நியாயம்?

அதுபோலவே ஆண்கள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நம் தெருக்களில் ஏராளம். மோட்டார் ஓடவில்லை, ஃபியூஸ் போய்விட்டது என்றால் அந்நிய ஆணைத்தான் உள்ளே விட வேண்டியிருக்கிறது. மின்வேலை தெரிந்த ஒரு பெண் மஹல்லாவில் இருந்தால் பர்தாவுக்கு அது உதவியா, இடைஞ்சலா?

பக்கத்திலேயே நடந்தவை

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நம் வட்டாரத்திலேயே பதில் இருக்கிறது.

தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் 1988இல் பெண்களுக்கென்றே ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. பெரியார் மணியம்மை மகளிர் பொறியியல் கல்லூரி என்று பெயர். உலகிலேயே பெண்களுக்கான முதல் பொறியியல் கல்லூரி என்று அதைத் தொடங்கியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அன்றைக்குப் பொறியியல் என்றாலே ஆண்பிள்ளைகள் படிப்பு. பெண்களுக்கு மட்டும் என்று ஒரு வாசல் திறந்தபோது, தயங்கிய பெற்றோர் பலருக்குத் துணிவு வந்தது. இன்று அது பல்கலைக்கழகமாகி இருபாலரும் படிக்கிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள், முஸ்லிம் பெண்களும்தான். முதலில் கேலி பேசிய ஊர்கள் பிறகு பழகிக்கொண்டன. பஸ்ஸுக்காகக் காத்திருக்காமல் போய்வர முடிந்ததால் அவர்கள் வருமானமும் உயர்ந்தது. எந்தத் தொழிற்கல்விக்கும் முதல் தடை தூரம்தான் என்பதை அந்த இயக்கம் காட்டியது.

1993இல் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தார். அரசுப் பேருந்துக்கு ஒரு பெண் ஓட்டுநரா என்று நாடே திரும்பிப் பார்த்தது. சவூதி அரேபியாவில் 2018 ஜூன் முதல் பெண்கள் கார் ஓட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் பலர் ஹவுஸ் டிரைவர் விசாவில் போன நாடு அது. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே ஓடும் ஹரமைன் அதிவேக ரயிலை ஓட்ட 2023இல் பெண்கள் பயிற்சி முடித்துத் தயாரானார்கள். உம்ரா போகிறவர்கள் பலர் அதில் பயணம் செய்கிறார்கள்.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். காலம் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

எல்லாவற்றையும்விட எங்களை யோசிக்க வைத்தது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான அரசுத் திட்டம். மூவலூர் நம் மயிலாடுதுறைப் பக்கத்து ஊர். 1989 முதல் அவர் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி கொடுத்துவந்தார்கள். 2022இல் அரசு அதை உயர்கல்வி உதவியாக மாற்றியது. அதுதான் புதுமைப் பெண் திட்டம். கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்கு என்று திசை மாறியது. நிக்காஹ் உதவியை நாங்கள் நிறுத்தப் போவதில்லை. ஆனால் பெண்பிள்ளைக்கு என்று ஒதுக்கும் தொகையில் பெரும்பங்கு நிக்காஹுக்கும் சிறுபங்கு படிப்புக்கும் என்று நாங்கள் வைத்திருந்த கணக்கு தலைகீழாக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்கே, என்ன படிக்கலாம்

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி செலவு. அரசு ஐடிஐயில் செலவு மிகக் குறைவு. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, காலணி, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்பிள்ளைக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் சேர்ந்து வரும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. சேரும்போது அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ஐடிஐயில் ஆண்களுக்கு 40 வயது வரை இடம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்ட முப்பத்தைந்து, நாற்பது வயதுச் சகோதரிகளும் சேரலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வெல்டர், தையல் தொழில்நுட்பம் போன்றவற்றுக்கு எட்டாம் வகுப்பு போதும். எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர், ஏசி டெக்னீஷியன் பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். வெல்டர், கம்ப்யூட்டர் ஆபரேட்டர், தையல் தொழில்நுட்பம் ஓராண்டு. எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டாண்டு. இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதாவது ஐடிஐ என்பது முட்டுச்சந்து இல்லை, மேலே போக வழி உண்டு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் உள்ள 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டையும் மறக்க வேண்டாம். சாதிச் சான்றிதழைத் தேர்வு முடிவுக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்களுக்கு லேப் டெக்னீஷியன், டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், பார்மசி படிப்புகள் உள்ளன. ஆண், பெண் இருபாலருக்கும் ஆஸ்பத்திரிகளில் தேவை இருக்கிறது. வீட்டுக் கைமணத்தைத் தொழிலாக்க நினைப்பவர்களுக்கு, தஞ்சாவூரிலேயே மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் இருக்கிறது. நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது அது. ஊறுகாய், மசாலாப் பொடி, அரிசி மாவுப் பண்டம் செய்கிற சகோதரிகள் பேக்கிங்கும் உரிமமும் தெரிந்துகொண்டால் வியாபாரம் தெருவைத் தாண்டும். கடனுக்கு டாம்கோ எனப்படும் சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் உண்டு. அதன் சில திட்டங்களில் பெண்களுக்கு வட்டி குறைவு. மாவட்டத்தில் உள்ள முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தையும் அணுகலாம்.

தையல்தான் வேண்டும் என்பவர்கள் தையலிலேயே ஒரு படி ஏறட்டும். வெட்டும் கலை, பள்ளிச் சீருடை மொத்த ஆர்டர், மிஷின் ரிப்பேர், கணக்கு எழுதுதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கூலி சொல்லும் உரிமை நம் கைக்கு வரும்.

நாங்கள் செய்திருக்கும் மாற்றம்

முதலாவதாக, படிவத்தை மாற்றிவிட்டோம். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்பது இனி இல்லை. ஒரே படிவம்தான். முதல் கேள்வி, ‘பிள்ளைக்கு எதில் ஆர்வம்?’ அதைப் பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும்.

இரண்டாவதாக, சேர்க்கைக் காலத்தில் கமிட்டி வாரம் ஒருமுறை கூடும். ஒரு பிள்ளையின் ஓராண்டை நாங்கள் இன்னொருமுறை வீணாக்க மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

மூன்றாவதாக, தையல் மிஷின் கேட்பவர்களுக்கு வெட்டும் பயிற்சி முடித்த பிறகே மிஷின். விசா செலவு கேட்கும் ஆண்பிள்ளைக்கு ஒரு தொழிற் சான்றிதழ் இருந்தால் முன்னுரிமை. இல்லாவிட்டால் முதலில் பயிற்சிக்கு உதவி.

நான்காவதாக, பெண்பிள்ளையைச் சேர்க்கும் முன் அத்தாவோ அண்ணனோ பயிற்சி நிலையத்துக்கு நேரில் வந்து பார்க்க ஏற்பாடு செய்கிறோம். பெண் பயிற்றுநர் இருக்கிறாரா, தொழுகைக்கு இடம் உண்டா, கழிவறை சரியாக இருக்கிறதா, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரே ஊரிலிருந்து இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்தே அனுப்ப முயல்கிறோம். பயம் குறைய இதைவிட நல்ல மருந்து இல்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் பஸ் செலவும் தடையாக இல்லை.

ஜகாத் நிதியைப் படிப்புக்குக் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் ஆலிம்களிடம் கேட்டோம். ஏழையாக இருக்கும் மாணவரின் கையில் தொகையை உடைமையாகக் கொடுத்து, அவர் அதைக் கட்டணமாகக் கட்டிக்கொள்வது கூடும் என்றார்கள். கட்டடம், மேசை, நாற்காலி போன்றவற்றுக்கு ஸதகா, நன்கொடை நிதி மட்டுமே. கணக்குகளைத் தனித்தனியே வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு முடிவு வந்த வாரத்து ஜும்ஆவில் ஐந்து நிமிடம் இதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களே, தங்கைக்கு நகை அனுப்பும் அன்போடு அவள் என்ன படிக்க விரும்புகிறாள் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நர்சாக, டெக்னீஷியனாக, ஆசிரியையாக இருக்கும் சகோதரிகளே, உங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேரிடம் உங்கள் வேலை என்ன என்று சொல்லுங்கள். கண்ணால் ஒருவரைப் பார்த்தால்தான் பிள்ளைக்கு அந்த ஆசையே பிறக்கும்.

முதலில் சொன்ன அந்தப் பிள்ளை மறு ஆண்டு எலெக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தாள். படிப்பை முடித்துவிட்டாள். சென்ற ரமலானுக்கு முன் எங்கள் அலுவலகத்து மோட்டார் ஓடவில்லை. அவளைக் கூப்பிட்டனுப்பினோம். அம்மாவோடு வந்தாள். ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்து, கருகிப்போன காயிலை மாற்றி ஓடவைத்தாள். கூலியைக் கொடுத்தபோது அவள் அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “உங்ககிட்டயா அண்ணே காசு வாங்குறது? எவ்வளவோ செஞ்சிருக்கீங்க” என்றார்.

“அது உதவி, இது கூலி. இரண்டையும் கலக்கக் கூடாதும்மா” என்று சொல்லி அந்தப் பிள்ளையிடமே கொடுத்தோம். அவள் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைத்தாள்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும் ஹலாலான ரிஸ்கையும் விரிவாக்கித் தருவானாக. ஆமீன்.